கேட்டதெல்லாம் தேவையா? ப்ராடக்ட் ஓனர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே முன்னேறும் அஜைல் முறையில் இயங்கும் மென்பொருள் அணிகளில், அடுத்து எதைச் செய்வது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் ப்ராடக்ட் ஓனர். அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரத்தின் விதிகளைத் தரும் ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு, அணியின் உழைப்பில் கிடைக்கும் மதிப்பை இயன்ற மட்டும் உயர்த்துவது அவருடைய பொறுப்பு என்று கூறிவிட்டு, அதைச் செய்யும் விதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப எளிதாகக் கைக்கு வருவது கோரிக்கைப் பட்டியல். விற்பனைப் பிரிவு கேட்டது, சப்போர்ட் பிரிவுக்கு வந்தது, பெரிய வாடிக்கையாளர் ஒருவர் மின்னஞ்சலில் எழுதியது என எல்லாம், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கில் வரிசையாக ஏறுகின்றன. குறுகிய வேலைக் கட்டங்களான ஸ்பிரிண்டுகளும் குறித்த நாளில் முடிகின்றன. ஆனால் வெளியான வசதிகளைத் தொடுவார் இல்லை. இதற்கு அணியின் திறமைக் குறைவைக் காரணம் காட்டுவது பெரும்பாலும் பொருந்தாது. வாடிக்கையாளர் சொல்லும் சொல்லையும் அவருடைய வேலையில் இருக்கும் சிக்கலையும் ஒன்றாகக் கொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது.

கேட்டதை அப்படியே எழுதிக்கொள்வது

பில்களையும் வரவேண்டிய தொகைகளையும் நிர்வகிக்கும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். "எல்லாத் திரைகளிலும் எக்ஸெல் பதிவிறக்கம் வேண்டும்" என்று ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் கேட்கிறது. கோரிக்கை தெளிவாக இருக்கிறது, செய்யவும் முடியும். எனவே யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. ஆனால் ப்ராடக்ட் ஓனர் அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், பதிவிறக்கம் செய்யும் ஊழியரின் அருகில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். அவர் கோப்பைத் திறக்கிறார். தேவையில்லாத நான்கு நெடுவரிசைகளை நீக்குகிறார். தவணை நாள் வாரியாக வரிசைப்படுத்துகிறார். பிறகு வங்கிக் கணக்கு விவரத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, பாதித் தொகை வந்துவிட்ட பில்களை ஒவ்வொன்றாகத் தேடி மஞ்சள் நிறம் இடுகிறார். அந்தக் கோப்பு மின்னஞ்சலில் மேலாளருக்குப் போகிறது. பாதி செலுத்தியவரும் ஒன்றுமே செலுத்தாதவரும் மென்பொருளின் திரையில் ஒரே மாதிரி, "நிலுவை" என்றே தெரிவதால், பணம் அனுப்பியவரிடமே மேலாளர் கண்டிப்பாகப் பேசி ஒருமுறை சங்கடப்பட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடுதான் இந்த மஞ்சள் நிறம்.

இங்கே தேவை, பகுதித் தொகை வந்த பில்லைத் திரையிலேயே பிரித்துக் காட்டுவது. அதற்கு ஆகும் வேலை, எல்லாத் திரைகளிலும் பதிவிறக்கம் சேர்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்த கருவியைக் கொண்டு தாமே ஒரு தீர்வை யோசித்து, அந்தத் தீர்வைக் கோரிக்கையாக அனுப்பினார். அதைச் சிக்கலாகத் திருப்பி வாசிப்பது ப்ராடக்ட் ஓனரின் வேலை. "இதைக் கடைசியாக எப்போது செய்தீர்கள்?", "அப்போது என்னென்ன செய்தீர்கள்?", "அந்தக் கோப்பு அதன்பின் யாரிடம் போகிறது?" என்ற கேள்விகள் அதற்குப் போதும். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ வழியாகப் புகழ்பெற்ற, "ஏன்" என்று ஐந்து முறை கேட்கும் உத்தியைச் சிலர் இங்கே பயன்படுத்துவார்கள். தொழிற்சாலையில் பழுதின் மூலத்தைத் தேட அது நன்கு உதவியது. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் அடுத்தடுத்து "ஏன்" என்று கேட்டால் விசாரணையில் மாட்டிக்கொண்டதுபோல் அவர் தற்காப்பில் இறங்கி, நியாயமாகத் தோன்றும் காரணங்களைப் புனையத் தொடங்கிவிடுவார். நடந்ததைச் சொல்லச் சொன்னால் காரணம் தானாக வெளிவரும்.

வரப்போவதைப் பற்றிக் கேட்பது

"இப்படி ஒரு வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் "ஆம்" என்றுதான் சொல்வார்கள். ஆம் என்பதற்குச் செலவில்லை. இல்லை என்றால் கேட்டவர் முகம் வாடும். அந்த "ஆம்"களைக் கூட்டி எண்பது சதவீத வரவேற்பு என்று அறிக்கை எழுதுவதைப் போல ஏமாற்றும் ஆய்வு வேறில்லை. 1985இல் கோக்க கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றுவதற்கு முன், ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தியது. புதிய சுவையே பலருக்குப் பிடித்திருந்தது. ஆனால் பழைய பானம் கடைகளிலிருந்து மறைந்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர், 79 நாட்களில் அது திரும்ப வந்தது. சோதனையில் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. எது பிடித்திருக்கிறது என்பதை அது அளந்தது. பழகியதை இழப்பது எப்படியிருக்கும் என்பது அதன் கணக்கிலேயே வரவில்லை. மென்பொருளில் ஒரு திரையை மாற்றியமைக்கும்போதும் இதே பிழை நேர்கிறது: புதிய வடிவம் அழகாக இருக்கிறதா என்று கேட்கிறோம், பழைய திரையில் கைப்பழக்கமாக நடந்த எந்த வேலை இனி தடைப்படும் என்று பார்ப்பதில்லை.

எனவே ஆர்வத்தை அளக்க விரும்பினால், அதற்காக வாடிக்கையாளர் எதையேனும் விட்டுக்கொடுக்க முன்வருகிறாரா என்று கவனிப்பது நல்லது. முன்மாதிரியைச் சோதிக்கத் தம் ஊழியர் ஒருவரின் ஒரு மணி நேரத்தை ஒதுக்குகிறாரா? தம்முடைய உண்மையான தரவைத் தருகிறாரா? இச்சிக்கலைத் தீர்க்க இதுவரை பணமோ உழைப்போ செலவழித்திருக்கிறாரா? இவை எதுவும் இல்லாத பாராட்டை மரியாதைக்காகச் சொன்ன பேச்சாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடைத்தரகர்களின் சொல்லை நம்புவது

1990களில் உருவான எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்க முறை, வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் அணியோடு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. நடைமுறையில் அது பல நிறுவனங்களுக்கு இயலாமற்போக, அந்த இருக்கையில் ப்ராடக்ட் ஓனர் அமர்ந்தார். அவருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே விற்பனையாளர், கணக்கு மேலாளர், சப்போர்ட் பிரிவு என்று பலர் வந்து சேர்ந்தனர். இவர்கள் தரும் செய்தி தவறானதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தம் பணிக்கு ஏற்றபடி அதைச் சுருக்கியே தருகின்றனர். விற்பனையாளருக்குக் கையெழுத்தாகாத ஒப்பந்தத்தில் தடையாக நிற்கும் வசதிதான் பெரிதாகத் தெரியும், சப்போர்ட் பிரிவுக்கு அதிக டிக்கெட் (புகார்ப் பதிவு) வரும் இடம் தெரியும். டிக்கெட் எழுதவும் பொறுமையில்லாமல் விலகிப்போனவர் இருவர் கண்ணிலும் படுவதில்லை.

நிறுவனங்களுக்கு விற்கப்படும் மென்பொருளில் இன்னொரு பிளவும் உண்டு: வாங்குபவர் ஒருவர், நாள்தோறும் பயன்படுத்துபவர் வேறொருவர். மேலே சொன்ன எடுத்துக்காட்டில், ஆய்வுக் கூட்டத்துக்கு வருபவர் மேலாளராகத்தான் இருப்பார். மஞ்சள் நிறம் இடுவதில் எவ்வளவு நேரம் போகிறது என்பது அவருக்குத் தெரியாது, ஏனெனில் அவர் கைக்கு வருவது முடிந்த கோப்பு. கூட்டத்தில் அதிகம் பேசுபவரின் கோரிக்கை முதலிடம் பிடிப்பதும் இதே வகைதான். அவர் செலுத்தும் கட்டணம் பெரிதாக இருந்தால் மறுப்பதற்குத் துணிவு வேண்டும். ப்ராடக்ட் ஓனரின் முடிவுகளை முழு நிறுவனமும் மதித்தால்தான் அவர் வெற்றிபெற முடியும் என்று ஸ்க்ரம் வழிகாட்டி எழுதியிருப்பது இதற்காகத்தான். அந்த வரியை மேலாண்மைக்குப் படித்துக் காட்டுவதில் தவறில்லை.

டெவலப்பர்களுக்கு அட்டையை மட்டும் கொடுப்பது

ப்ராடக்ட் ஓனர் நேரில் சென்று பார்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் திரும்பி வந்து அதை, பயனரின் தேவையைச் சுருக்கமாகச் சொல்லும் இரண்டு வரி யூசர் ஸ்டோரியாக எழுதி ஒப்படைத்தால், பார்த்தவற்றில் பெரும்பகுதி அங்கேயே உதிர்ந்துவிடும். யூசர் ஸ்டோரி எழுதப் பலரும் பின்பற்றும் மூன்று பகுதி வாய்பாட்டில் (யாருக்கு, என்ன வேண்டும், எதற்காக) கடைசிப் பகுதி நோக்கத்துக்கு உரியது. அதில் பெரும்பாலும் இடம் நிரப்பப்படுகிறதே தவிர நோக்கம் எழுதப்படுவதில்லை. "பயனராகிய எனக்குப் பதிவிறக்கப் பொத்தான் வேண்டும், அப்போதுதான் என்னால் பதிவிறக்க முடியும்" என்ற வகை ஸ்டோரிகளை எந்த பேக்லாக்கிலும் காணலாம். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ் 2001இல் யூசர் ஸ்டோரிக்கு அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல் என்று மூன்று கூறுகளைச் சொன்னார். அட்டை என்பது உரையாடலை நினைவூட்டும் குறிப்பு மட்டுமே. டெவலப்பர் ஒருவரையும் டிசைனர் ஒருவரையும் வாடிக்கையாளர் சந்திப்புக்கு உடன் அழைத்துச் செல்வது, அந்த உரையாடலைத் தொடங்க எனக்குத் தெரிந்த மிகச் சிக்கனமான வழி. கணக்குப் பிரிவில் நடப்பதைக் கண்ணால் பார்த்த டெவலப்பர், பகுதித் தொகைக்கான தகவல் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அங்கேயே சொல்லிவிடக்கூடும்.

ஸ்பிரிண்ட் ரிவ்யூவை அரங்கேற்றமாக்குவது

ஸ்பிரிண்டின் இறுதியில், செய்து முடித்ததை வாடிக்கையாளர் போன்றோருடன் சேர்ந்து பார்ப்பது ஸ்பிரிண்ட் ரிவ்யூ. அது கூடிப் பணிசெய்யும் அமர்வு, அதை வெறும் விளக்கக்காட்சியாகச் சுருக்கிவிடக் கூடாது என்று ஸ்க்ரம் வழிகாட்டி வெளிப்படையாகவே சொல்கிறது. இருந்தும், ஒத்திகை பார்த்த தரவோடு டெவலப்பர் திரையை இயக்க, வந்தவர்கள் தலையசைத்துவிட்டுப் போவதே வழக்கமாகியிருக்கிறது. மவுஸை வாடிக்கையாளரிடம் கொடுத்து, அவருடைய தரவில் அவருடைய வேலை ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டு, ப்ராடக்ட் ஓனர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். "அந்த ஐகானை அழுத்துங்கள்" என்று உதவத் துடிக்கும் கணம்தான் குறித்துக்கொள்ள வேண்டிய கணம். ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் போதும் என்ற, பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சனின் 2000ஆம் ஆண்டுக் கட்டுரையை இங்கே பலரும் துணைக்கு அழைப்பதுண்டு. அது பயன்பாட்டுச் சிக்கல்களைக் கண்டுபிடிப்பது பற்றியது. இந்த வசதி சந்தைக்குத் தேவையா என்பதை ஐந்து பேரைக் கொண்டு தீர்மானிக்க அதில் அனுமதி இல்லை.

எண்களை விளக்கமாகக் கொள்வது

பயன்பாட்டுத் தரவு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும். ஏன் என்பதை அது சொல்லாது. பதிவிறக்கப் பொத்தான் நாள்தோறும் அழுத்தப்படுவதை டேஷ்போர்டில் பார்த்து, "அதிகம் பயன்படும் வசதி" என்று பாராட்டிக்கொள்ளும் அணி, உண்மையில் பார்த்துக்கொண்டிருப்பது திரையின் குறையை. பரிந்துரைப்பீர்களா என்று கேட்டு மதிப்பெண் வாங்கும் என்.பி.எஸ். முறையும் அப்படித்தான், மதிப்பெண் குறைந்தால் யாரிடமாவது பேச வேண்டும் என்று தெரியும், அவ்வளவே. கருத்தாய்வுகளில் வராத தேவைகளும் உண்டு. வாடிக்கையாளர் நிறைவை வகைப்படுத்த ஜப்பானியப் பேராசிரியர் நோரியாக்கி கானோ 1984இல் வெளியிட்ட மாதிரியில், அடிப்படை எதிர்பார்ப்புகள் என்று ஒரு வகை இருக்கிறது: இருந்தால் யாரும் பாராட்டுவதில்லை, இல்லாவிட்டால் கோபம் வரும். சேமித்த தரவு அழியக் கூடாது என்று யாரும் கோரிக்கை அனுப்புவதில்லை.

தொடக்கத்தில் ஒருமுறை ஆய்வு செய்துவிட்டு, அதன்பின் ஒரு ஸ்பிரிண்டில் அணி முடிக்கும் வேலையின் அளவான வெலாசிட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது கடைசித் தவறு. பேக்லாக்கில் உள்ள ஒவ்வொரு பெரிய உருப்படியின் மீதும், இது யாருடைய சிக்கல், அதை யார் எப்போது நேரில் பார்த்தது, இது வெளியானால் அவர் செய்வதில் எது மாற வேண்டும் என்ற மூன்றையும் எழுதிவைத்தால், வெளியிட்டுச் சில வாரங்கள் கழித்துச் சரிபார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும். மூன்றில் எதையும் எழுத முடியாத பழைய உருப்படிகளைப் பேக்லாக்கிலிருந்து நீக்கிவிடலாம். நீக்கும்போது, அவற்றைக் கேட்ட வாடிக்கையாளருக்குக் காரணத்தோடு தெரிவித்துவிட வேண்டும்; கோரிக்கையை நினைவில் வைத்திருப்பவர் அந்தக் காரணத்தை மறுத்துப் பேச முன்வருவார், அப்போது அவருடைய வேலையை நேரில் பார்க்க நாள் கேட்கலாம்.