கிட்டார் நெக்கைக் கழற்றும் முன் ஒரு ஸ்கேல் சோதனை

பழைய அகூஸ்டிக் கிட்டாரில் கம்பிகள் மேலே எழும்பி, 12-வது ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தவே விரல் வலிக்கிறதா? உடனே நெக்கை, அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்துப் பகுதியை, கழற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

முதலில், கம்பிகள் சுருதியில் இருக்கும்போதே டிரஸ் ராடைச் (நெக்கின் உள்ளே ஓடும் உலோகக் கம்பி) சரிசெய்து நெக்கின் வளைவைக் கிட்டத்தட்ட நேராக்குங்கள். டிரஸ் ராட் வளைவை மட்டும்தான் மாற்றும், நெக் உடலோடு சேரும் கோணத்தை மாற்றாது. பலர் குழம்புவது இங்கேதான்.

அப்புறம் நேரான நீள ஸ்கேல் ஒன்றை ஃபிரெட்டுகளின் மேல், நெக்கின் நடுவில் வைத்து பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) வரை நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேற்பரப்பை ஒட்டி வந்தால் கோணம் சரி. சாடிலை (பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் மெல்லிய பட்டை) கொஞ்சம் தேய்த்தாலே போதும். முனை பிரிட்ஜின் பக்கவாட்டில் கீழே இடித்து, சாடிலையும் இனி தேய்க்க இடமில்லை என்றால்தான் நெக் ரீசெட், அதாவது நெக்கைக் கழற்றிச் சரியான கோணத்தில் மறுபடி பொருத்துவது, தேவை.

போல்ட் போட்ட நெக் என்றால் வேலை சுலபம். டவ்டெயில் மூட்டு (புறா வால் வடிவில் மரத்தைச் செருகிப் பசை போட்டு ஒட்டியது) என்றால் பசையை நீராவியால் இளக்க வேண்டும். தயவுசெய்து அதை அனுபவமுள்ளவரிடமே கொடுங்கள். பிரிட்ஜைச் சீவித் தாழ்த்துவது மட்டும் வேண்டாம், ஒலியின் உயிர் போய்விடும்.