தடை பலன் தந்ததா? கணக்குப் பார்க்கும் முறை

மது, புகையிலை, சூதாட்டம் எதுவானாலும், விளம்பரத் தடையையும் விற்பனைத் தடையையும் ஒரே தராசில் போடாதீர்கள். முன்னது புதிதாகப் பழகுவோரைக் குறைக்கப் பார்க்கிறது. பின்னது, பழகியவர் வாங்கும் இடத்தையே மாற்றிவிடுகிறது.

விளம்பரத் தடை என்றால் முதலில் சட்ட வாசகத்தைப் படியுங்கள். விளையாட்டுப் போட்டிக்கான நிதி, கடை அலமாரி, இலவச மாதிரி, அதே பெயரில் விற்கும் சோடா இவையும் அடங்குமா? விட்டுப்போன வழியில்தான் விளம்பரப் பணம் பாயும். அரைகுறைத் தடை ஏமாற்றும். அமெரிக்க வானொலி, தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் 1971 ஜனவரி 2 முதல் நின்றது. ஆனால் 1967 முதல் சிகரெட் விளம்பரம் போட்ட நிலையங்கள் புகைக்கு எதிரான அறிவிப்புகளுக்கும் நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. விளம்பரம் போனதும் அந்த அறிவிப்புகளும் பெருமளவு குறைந்தன. 1970 வரை இறங்கிய, ஆளுக்குச் சராசரி சிகரெட் நுகர்வு, தடைக்குப் பின் சற்று ஏறியது. சிகரெட் நிறுவனங்கள் அந்தத் தடையோடு பெரிதாக மல்லுக்கட்டவில்லை. ஏன் என்று ஊகிப்பது கடினமல்ல.

அடுத்து, தடைக்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுப் போக்கை வரைந்துகொள்ளுங்கள். முன்பே இறங்கிக்கொண்டிருந்த கோடு தொடர்ந்து இறங்கினால், அதைத் தடையின் கணக்கில் எழுத முடியாது. வரி உயர்ந்த தேதிகளையும் அதே வரைபடத்தில் குறியுங்கள். ஆஸ்திரேலியாவில் சிகரெட் பெட்டியின் கவர்ச்சி (நிறுவனச் சின்னம், வண்ணம்) நீக்கப்பட்டது 2012 டிசம்பரில். 2010இல் வரி 25 சதவீதம், 2013 டிசம்பரில் மேலும் 12.5 சதவீதம் ஏறியது. இவற்றைப் பிரிக்காமல் பேசுபவர் எந்தப் பக்கமாக இருந்தாலும் நம்பாதீர்கள். ஒட்டுமொத்த விற்பனை அளவைவிட, பதின்ம வயதில் புதிதாகத் தொடங்குவோர் எண்ணிக்கையே சரியான அளவுகோல். பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும்.

விற்பனைத் தடையில் விற்பனைக் கணக்கே இருக்காது. கல்லீரல் சுருக்க நோய் மரணம், விஷச்சாராயச் சாவு, கைதுகள் மூலம் சுற்றி வளைத்துத்தான் அளக்க வேண்டும். அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் (1920-33) கல்லீரல் மரணம் குறைவாகவே இருந்தது உண்மை; அந்த இறக்கம் 1920க்கு முன்பே தொடங்கிவிட்டதும் உண்மை. பீர் பீப்பாயைவிட விஸ்கி பாட்டிலை ஒளிப்பது எளிது என்பதால் சரக்கு கடுமையானதாக மாறியது. தொழிற்சாலை ஆல்கஹாலில் கலந்திருந்த மெத்தனால் பலரைக் கொன்றது.

போர்ச்சுகலின் 2001 போதைப்பொருள் சட்ட மாற்றத்தை உதாரணம் காட்டுவோரிடம் ஒன்றைக் கேளுங்கள்: அங்கே சொந்த உபயோகத்துக்குப் பத்து நாள் அளவு வரை வைத்திருப்பது மட்டுமே குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது, விற்பது இன்றும் குற்றம். சிகிச்சையும் அதே காலத்தில் விரிந்தது. இரண்டில் எது வேலை செய்தது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?