உயிரை மாய்த்துக்கொண்டவரின் வீட்டில் கடவுளைப் பற்றி எப்படிப் பேசுவது

திருகோணமலையில் ஒரு பங்கிலோ சபையிலோ உபதேசியாராக, அன்பியம் எனப்படும் அயல்வீட்டுக் குடும்பக் குழுவின் பொறுப்பாளராக, செபக்குழு நடத்துபவராக, ஞாயிறு பாடசாலை ஆசிரியராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட வீட்டுக்குப் பங்குத்தந்தையோ போதகரோ வருவதற்கு முன்னரே பெரும்பாலும் போய்ச் சேருபவர்கள் இவர்கள்தாம். உவர்மலையானாலும் பாலையூற்றானாலும் குடாவுக்கு அப்பால் மூதூரானாலும் அங்கே கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே: பிள்ளை நரகத்துக்குத்தான் போகுமா, கடவுள் ஏன் தடுக்கவில்லை, இது அவர் குறித்து வைத்த முடிவா? முற்றத்தில் இந்து அயலவரும் முஸ்லிம் அயலவரும் நிற்க, தாய் ஒருத்தி இதைக் கேட்கும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாது. அங்கே சொல்லப்படும் ஒரு வாக்கியத்தை அந்தக் குடும்பம் இருபது ஆண்டுகள் ஆனாலும் மறப்பதில்லை.

முதலில் செய்ய வேண்டியது பேசுவதன்று. இத்தகைய மரணம் நிகழ்ந்தால் பொலிசார் வருவார்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். பிரேத பரிசோதனை முடியும் வரை உடல் வைத்தியசாலையில் இருக்கும். நடந்தது என்ன என்பதைத் தகப்பனோ மனைவியோ முன்பின் தெரியாத அலுவலர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல நேரிடும். அந்த நேரத்தில் பிணவறைக்கு வெளியே உள்ள வாங்கில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அடையாள அட்டையையும் கடிதங்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணீர் வாங்கிக் கொடுங்கள். எப்படி நடந்தது என்று நீங்களும் ஒருமுறை கேட்காதீர்கள். வேதாகமத்தின் யோபு நூலில் யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். கடவுளுக்காக வாதாடப் புறப்பட்ட பின்னர்தான் அவர்கள் பிழைவிட்டார்கள், நூலின் முடிவில் கடவுள் கோபங்கொள்வதும் அவர்கள்மீதுதான்.

நரகத்தைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்வதற்குத் திருச்சபை உண்மையில் என்ன கற்பித்து வந்திருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் பலர் திருச்சபையின் போதனை என்று நம்பிக்கொண்டிருப்பது அதன் பாதி மட்டுமே. உயிர் கடவுளின் கொடை, அதற்கு நாம் உரிமையாளர் அல்லர், பொறுப்பாளர் மட்டுமே என்பது எல்லாச் சபைகளுக்கும் பொதுவான போதனை. இதில் தளர்வு இல்லை, தளர்வு இருப்பதாகக் காட்டவும் கூடாது. கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளை தன்னைத்தானே கொல்வதையும் தடுக்கிறது என்று பழைய திருச்சபைத் தந்தையரில் ஒருவரான புனித அகுஸ்தீன் வாதிட்டார். ஆனால் அவர் அதை எந்தச் சூழலில் எழுதினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 410ஆம் ஆண்டில் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது வன்புணர்வுக்கு ஆளான கிறிஸ்தவப் பெண்கள், உயிரோடிருப்பதற்காகப் பழிக்கப்பட்டார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள், சாக வேண்டியவர்கள் அல்லர் என்று காப்பதற்காகவே அவர் இந்த வாதத்தை எடுத்தார். அந்த அவமானத்துக்கு அஞ்சி உயிரை விட்ட பெண்களைக்கூட மனிதத்தன்மை உள்ள எவர்தாம் மன்னிக்க மறுப்பார் என்று அதே இடத்தில் கேட்கிறார். பின்னால் வந்தவர்கள் வாதத்தை எடுத்துக்கொண்டு இரக்கத்தை விட்டுவிட்டார்கள் என்பதே என் கருத்து.

அடக்கச் சடங்கு மறுக்கப்பட்ட காலம் இருந்தது உண்மை. 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அறிந்து திட்டமிட்டு உயிரை மாய்த்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. எனவே உங்கள் பங்கில் யாராவது ஒரு பெரியவர், இப்படி இறந்தவரைச் சேமக்காலையின் ஓரத்தில்தான் அடக்க வேண்டும், திருப்பலி கூடாது என்று சொன்னால், அது பழைய சட்டத்தின் நினைவு என்பதை மரியாதையோடு, ஆனால் குடும்பத்தாரின் காதில் விழும்படி சொல்லுங்கள். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடுமையான உளப் பாதிப்பும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், இவ்வாறு இறந்தவர்களின் நித்திய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர்களுக்கு மனந்திரும்பும் வாய்ப்பைத் தர முடியும் என்றும் கூறுகிறது.

சீர்திருத்தச் சபையினர் வீட்டில் இந்த மேற்கோள் உதவாது. அங்கே உரோமையர் 8ஆம் அதிகாரத்தின் முடிவைத் திறந்து வாசிப்பது நல்லது: மரணமும் ஜீவனும் உட்பட எதுவும் கிறிஸ்து இயேசுவிலுள்ள தேவ அன்பிலிருந்து நம்மைப் பிரிக்க மாட்டாது என்று பவுல் எழுதுகிறார். சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர், இப்படி இறந்தவர்கள் எல்லாரும் நிச்சயமாக அழிந்தவர்கள் என்று தாம் எண்ணவில்லை என்றும், காட்டில் கள்வன் கையில் அகப்பட்டு வெட்டுண்டவனைப்போல அவர்களும் தம்மை மிஞ்சிய ஒரு வலிமையால் மேற்கொள்ளப்பட்டவர்கள் என்றும் கூறினார். மெதடிஸ்த சபையாருக்கு ஒரு செய்தி சங்கடமாக இருக்கலாம்: அந்தச் சபையின் தந்தையான ஜோன் வெஸ்லி 1790இல் இந்த விடயத்தைப் பற்றி மிகக் கடுமையாக எழுதியவர், இறந்தவர்களின் உடலையே பொதுவில் தொங்கவிட வேண்டும் என்று கேட்டவர். அவர் வழிவந்த சபை இன்று அதைச் செய்வதில்லை, சொல்வதும் இல்லை. தந்தையரை மதிப்பதென்றால் அவர்களுடைய எல்லாச் சொல்லையும் சுமப்பது என்று பொருளல்ல.

சுயாதீனத்தை, அதாவது தானே தெரிவு செய்யும் சுதந்திரத்தைப் பற்றிய பகுதிதான் கடினமானது. அவரே தெரிவு செய்தார், கடவுள் சுதந்திரம் கொடுத்தார், அதனால் கடவுள்மேல் குற்றமில்லை என்று முடித்துவிடுவது இலகு. பல பிரசங்கங்கள் அப்படித்தான் முடிகின்றன. இந்த விடை கடவுளைக் காப்பாற்றுவதற்காக இறந்தவரைக் குற்றவாளியாக்குகிறது. ஒரு பாவம், கடவுளோடுள்ள உறவையே முறிக்கும் சாவான பாவமாவதற்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் என்ற மூன்றும் வேண்டும் என்று நாம் முதல் நன்மைக்கு ஆயத்தமான காலத்திலேயே படித்திருக்கிறோம். இரவில் உறக்கமின்றி, மாதக்கணக்கில் மனச்சோர்வு என்னும் நோயோடு, கடன்காரர் படலையில் நிற்க, தான் எல்லாருக்கும் பாரம் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த முழுச் சம்மதம் எவ்வளவு இருந்தது என்பதை வெளியிலிருந்து எவராலும் அளக்க முடியாது. சுயாதீனம் எல்லா நேரத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. வேதனை அதைச் சுருக்குகிறது, சில மணித்தியாலங்களுக்கு அதை ஏறத்தாழ இல்லாமலே செய்துவிடுகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களில் ஒன்று இலங்கையினுடையதாக இருந்தது. மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பீடைகொல்லிகளின் இறக்குமதி படிப்படியாகத் தடுக்கப்பட்ட பின்னர் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. யுத்தமும் வறுமையும் அந்தக் காலத்தில் ஓயவில்லை. ஆனாலும் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாதபோது அந்த நேரம் கடந்து போனது, ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். சாவதென்று அவர்கள் சுயாதீனமாகத் தீர்மானித்திருந்தார்கள் என்றால் இது நடந்திருக்க முடியாது. இந்த உண்மையை ஒரு குருவானவரின் பிரசங்கத்தில் நான் இன்னும் கேட்கவில்லை, கேட்க விரும்புகிறேன்.

அப்படியானால் கடவுளின் பங்கு என்ன? அவர் குறித்த முடிவு இது என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஆண்டவருக்கு அவன் அங்கே தேவைப்பட்டான் என்ற ஆறுதலும் வேண்டாம். கடவுள் சித்தங்கொள்வதும் கடவுள் நிகழ விடுவதும் ஒன்றல்ல என்று இறையியல் பிரித்துச் சொல்கிறது, அந்தப் பிரிவு சரியானதே, ஆனால் அழுகிற வீட்டில் அது விளங்காது. அதைவிட, சாக விரும்பியவர்களிடம் கடவுள் எப்படி நடந்துகொண்டார் என்று வேதாகமத்தைத் திறந்து காட்டலாம். எண்ணாகமம் 11இல் மோசே, இந்தச் சனத்தைத் தனியே சுமக்க முடியாது, என்னைக் கொன்றுபோடும் என்று கேட்கிறார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை, சாகவும் விடவில்லை, எழுபது மூப்பரை அழைத்து அந்தப் பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கிறார். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் அவரைத் தொட்டு எழுப்பி, தணலில் சுட்ட அப்பத்தையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டுகிறான், அவர் சாப்பிட்டு மறுபடியும் உறங்குகிறார், மறுபடியும் எழுப்பப்பட்டுச் சாப்பிடுகிறார். உபதேசம் அதற்குப் பிறகுதான். யோனாவும் சாவைக் கேட்டார். அவரோடு கடவுள் வாதாடினார், செவிசாய்த்து அதைக் கொடுக்கவில்லை. மூவரும் பெரிய தீர்க்கதரிசிகள். மூவரின் இந்த மன்றாட்டையும் கடவுள் மறுத்திருக்கிறார். விசுவாசம் குறைந்தவர்களுக்குத்தான் இந்த எண்ணம் வரும் என்ற பேச்சு இந்த அதிகாரங்களை வாசித்தவர் வாயில் வராது. கெத்சமனியில் இயேசுவே தம் ஆத்துமா மரணத்துக்கு ஏதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று சொன்னார், தம்மோடு விழித்திருக்கும்படி நண்பர்களைக் கேட்டார், அவர்கள் உறங்கிவிட்டார்கள்.

பிறகும் ஒரு தாய், எலியாவுக்குத் தூதன் வந்தான், என் பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்று கேட்பாள். அதற்கு எனக்கு விடையில்லை என்று சொல்லுங்கள். 88ஆம் சங்கீதம் கூக்குரலோடு தொடங்கி இருளிலேயே முடிகிறது, அதுவும் செபம்தான் என்று வாசித்துக் காட்டுங்கள். அன்றைக்குத் தொலைபேசியை எடுத்திருந்தால் பிள்ளை இருந்திருக்கும் என்று அவள் தன்னையே குற்றஞ்சாட்டினால், சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு சொன்னதை நினைவூட்டலாம். ஒரு மரணத்துக்கு ஒரே காரணத்தையும் ஒரே ஆளையும் தேடுகிறவர்களை அந்த வீட்டிலிருந்து மெதுவாக அப்புறப்படுத்துவதும் உங்கள் வேலையே.

அடக்கப் பிரசங்கம் செய்பவருக்கு ஓர் எச்சரிக்கை. இரக்கத்தைச் சொல்லும்போது மரணத்தை அழகுபடுத்திவிடக் கூடாது. அவன் இப்போது எல்லாத் துன்பத்திலிருந்தும் விடுதலை பெற்றுவிட்டான் என்ற வாக்கியத்தை, பின்வரிசையில் நிற்கும் அவனுடைய வகுப்புத் தோழன் வேறுவிதமாகக் கேட்கக்கூடும். நம்பிக்கை வைக்க வேண்டியது கடவுளின் இரக்கத்தில், சாவு தரும் அமைதியில் அன்று. எப்படி இறந்தார் என்ற விவரமும், விட்டுச் சென்ற கடிதமும் பலிபீடத்திலிருந்து சொல்லப்பட வேண்டியவை அல்ல. அவர் வாழ்ந்த வாழ்வைச் சொல்லுங்கள், அவரைப் பீடித்த நோயை நோய் என்றே சொல்லுங்கள், அதே வேதனையில் இருப்பவர் யாரிடம் போகலாம் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

உயிரோடிருக்கும் ஒருவர் உங்களிடம் வந்து வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால், தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலும் சொல்ல இடம் கிடைத்ததே என்று அவருக்கு மூச்சு வரும். நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். பிலிப்பி நகரில் சிறைக்காவலன் வாளை உருவியபோது பவுல் சத்தமிட்டுச் சொன்னது, உனக்குத் தீங்கு செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்பதே. அவனுடைய மீட்பைப் பற்றிய பேச்சு அதன் பிறகு வந்தது. எண்ணம் உண்டு என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். தீங்கு செய்யக்கூடியவற்றை வீட்டாரிடம் சொல்லி அப்புறப்படுத்துங்கள். திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு நீங்களே கூட்டிச் செல்லுங்கள், உடனடி ஆபத்து என்றால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். இரவானாலும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கமும், 1333 என்ற உளவள ஆலோசனை இலக்கமும் உண்டு. எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். பொலிஸ் வழக்குக்குப் பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சி 1998ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் குற்றம் அன்று என்பதை அவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

பேய் பிடித்திருக்கிறது என்று உபவாசக் கூட்டத்துக்கு மட்டும் அழைத்துப் போய், வைத்தியர் கொடுத்த குளிசையை நிறுத்தச் சொல்பவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. செபியுங்கள், கை வைத்துச் செபியுங்கள், ஆனால் குளிசையை நிறுத்தச் சொல்ல உங்களுக்கோ எனக்கோ அதிகாரம் இல்லை. எலியாவுக்குக் கொடுக்கப்பட்டது அப்பமும் உறக்கமும். மருந்தும் அந்த வரிசையில் சேர்ந்ததே.

முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்ததும் வருவோர் குறைந்துவிடுவார்கள். இப்படி ஒருவரை இழந்தவர்களுக்கே பின்னர் அதே ஆபத்து கூடுதலாக இருக்கும் என்பதால், அதன் பிறகுதான் உங்கள் வருகை முக்கியமாகிறது: மாதத்தில் ஒருமுறையாவது போங்கள், பிறந்த நாளையும் இறந்த நாளையும் குறித்து வையுங்கள், நவம்பர் மாதம் இறந்தவர்களுக்காகத் திருப்பலியில் பெயர்கள் வாசிக்கப்படும்போது அந்தப் பெயரும் வாசிக்கப்படுகிறதா என்று முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் கேட்டு வையுங்கள். பெயரைச் சொல்லவே அஞ்சுகிற வீட்டில் நீங்கள் அதை இயல்பாகச் சொல்லிப் பேசுங்கள். இந்த வீடுகளுக்குப் போய்வரும் உங்களுக்கும் உறக்கம் கெடலாம். அப்போது உங்கள் போதகரிடமோ ஒரு வைத்தியரிடமோ அதை மறைக்காமல் சொல்லி, அடுத்த வீட்டுக்கு இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.