தாவரத் தீவனத்தில் மீனுக்குப் பாஸ்பரஸ்: மொத்த அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சோயா புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, தவிடு என்று தாவரப் பொருள்களை வைத்தே தீவனம் அரைக்கிறீர்களா? ஆய்வறிக்கையில் பாஸ்பரஸ் 0.9 சதவீதம் என்று வந்திருந்தாலும் நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். அதில் பெரும்பகுதி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பைட்டேட்டாக, அதாவது விதைகள் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் சேர்மமாக, பூட்டிக் கிடக்கும், தவிட்டில் இன்னும் அதிகம். அதை உடைக்கும் பைட்டேஸ் என்சைம் மீனின் குடலில் கிட்டத்தட்ட கிடையாது. கால்சியத்தையாவது செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் தீவனத்தில் வந்தால்தான் உண்டு.

அதனால் மீனுக்குச் செரித்துச் சேருகிற பாஸ்பரஸை மட்டும் கணக்கில் எடுங்கள். கெண்டைக்குத் தீவனத்தில் சுமார் 0.6 முதல் 0.7 சதவீதம் வேண்டும், திலேப்பியாவுக்கு 0.4 முதல் 0.5 போதும்.

அடுத்து, குறைகிற பாஸ்பரஸை ஈடுகட்ட எந்தப் பாஸ்பேட் உப்பைச் சேர்ப்பது? பலர் விலையைப் பார்த்து டைகால்சியம் பாஸ்பேட்டை, அதாவது டிசிபியை, வாங்கிவிடுகிறார்கள். வயிறு உள்ள மீனுக்கு அது ஓரளவு சரி. கெண்டைக்கோ வயிறே இல்லை, அமிலமும் சுரக்காது, அதனால் டிசிபியின் பாஸ்பரஸில் பாதிகூடச் சேராது. மோனோகால்சியம் பாஸ்பேட், அதாவது எம்சிபி, தண்ணீரில் கரையும், 90 சதவீதத்துக்கு மேல் சேரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ கெண்டைத் தீவனத்தில் சேருகிற பாஸ்பரஸ் 400 கிராம் குறைகிறது என்று வையுங்கள். எம்சிபியில் 22 சதவீதம் பாஸ்பரஸ், அதில் 94 சதவீதம் சேரும் என்றால் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போட்டால் போதும். டிசிபியில் 18 சதவீதம், அதில் 46 சதவீதம்தான் சேரும் என்றால் ஏறக்குறைய 4.8 கிலோ போட வேண்டும். அதிலிருந்து 470 கிராம் பாஸ்பரஸ் மீனுக்கு உதவாமல் குளத்துக்குப் போகும், பாசி மண்டும், விடியற்காலையில் ஆக்சிஜன் விழும். மூட்டை விலையை விட்டுவிட்டு, சேருகிற ஒரு கிலோ பாஸ்பரஸுக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்த்தால் எம்சிபி அவ்வளவு விலையாகத் தெரியாது. எதை வாங்கினாலும் தீவனத் தரத்தில் வாங்குங்கள், உரத்துக்கு விற்பதில் ஃபுளோரின், காட்மியம் இருக்கலாம்.

உப்பைக் குறைக்க பைட்டேஸ் சேர்க்கலாம், ஆனால் சூடு அதற்கு ஆகாது. நீராவியில் வெந்து வரும் தீவனம் என்றால் மாவில் கலக்காமல், ஆறிய பிறகு குருணையின் மேல் தெளியுங்கள். பெரும்பாலான பைட்டேஸ் அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால் கெண்டைக்கு அதை மட்டும் நம்பி உப்பை ஒரேயடியாக வெட்டாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வளர்ச்சியைப் பாருங்கள். அப்புறம், கால்சியத்துக்கென்று சுண்ணாம்புத்தூள் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அதிகக் கால்சியம் பாஸ்பரஸ் சேருவதைத்தான் கெடுக்கும்.

பற்றாக்குறை இருந்தால் முதலில் எலும்பில் தெரியாது. தின்கிற தீவனத்துக்கு ஏற்ற எடை ஏறாது, அறுத்துப் பார்த்தால் வயிற்றில் கொழுப்பு கூடியிருக்கும். பிறகுதான் எலும்பு மென்மையாகும், முதுகு வளையும், கெண்டையில் தலை எலும்பின் அமைப்பே மாறும். முதுகு வளைவு மட்டும் தெரிந்தால் வைட்டமின் சி-யையும் சந்தேகப்படுங்கள், அது குறைந்தாலும் அப்படித்தான் வளையும்.