முதியோர் இல்லத்தைச் சோதிப்பது எப்படி? வன்னியில் இடம் தேடுபவர்களுக்கு

பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகு, பகலில் வீட்டில் நின்று பார்க்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று இல்லம் இல்லமாகப் போய்ப் பார்க்க வேண்டி வந்தது. எதைப் பார்ப்பது, எந்தக் கொப்பியைக் கேட்பது என்று சொல்லித்தர ஆளில்லை. இப்போது பெரியம்மா நல்ல இடத்தில் இருக்கிறா. இதே தேடலில் நிற்பவர்களுக்காக நான் செய்த முறையை எழுதுகிறேன்.

இல்லத்தில் சேர்ப்பது சரியா பிழையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த முடிவை எடுத்த பிறகு செய்ய வேண்டியதுதான் இது.

கொண்டு போக வேண்டியவை

ஒரு சி.ஆர். கொப்பி, பேனை, ஐந்து மீற்றர் இரும்பு அளவுநாடா. இவ்வளவும் போதும். போனில் குறிப்பெடுப்பதை நான் விரும்புவதில்லை. போனைத் தூக்கிப் பிடித்தால் வீடியோ எடுக்கிறீர்கள் என்று நினைத்து ஊழியர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கொப்பிக்கு யாரும் பயப்படுவதில்லை. அங்கே இருக்கிற ஆச்சிமாரையும் அப்புமாரையும் கேட்காமல் படமெடுப்பதும் சரியில்லை, அது அவர்களுடைய வீடு.

படி 1: பதிவு

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையோ முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையோ சந்தித்து, கடைசியாக எப்போது அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்தார்கள், என்ன குறை எழுதினார்கள் என்று கேளுங்கள்.

வாய்மூலம் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்). மேற்பார்வை அறிக்கையின் பிரதி வேண்டும் என்று தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். காரணம் எதுவும் நீங்கள் சொல்லத் தேவையில்லை. காணி விசயத்துக்கு இந்தச் சட்டத்தை நன்றாகப் பாவிக்கிற நம்மவர்கள், அம்மா அப்பா விசயத்தில் மறந்து போகிறோம்.

படி 2: போகிற நேரம்

காலை பத்து மணிக்குப் போனால் எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான். முற்றம் கூட்டியிருக்கும், எல்லாரும் குளித்து உடுத்திக் கதிரையில் இருப்பார்கள். முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள், அது மரியாதை. இரண்டாம் தடவை சொல்லாமல், பின்னேரம் ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் போங்கள். இரவுச் சாப்பாடு, மருந்து, நுளம்புவலை கட்டுவது, பகல் ஆட்கள் வீட்டுக்குப் போவது எல்லாம் அந்த நேரத்தில்தான் ஒன்றாக வரும். ஆள் பற்றாக்குறை வெளியே தெரிவதும் அப்போதுதான்.

ஒரு அறையில் மூத்திர மணம் இருந்தால் அது அன்றைய சம்பவமாக இருக்கலாம். மண்டபம் முழுக்க மணந்தால், மாற்றிவிடக் கை காணாது என்று அர்த்தம். பராமரிப்பவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். "ஆச்சி, எழும்புங்கோ" என்று சொல்கிறார்களா, இல்லை, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து "இதைத் தூக்கி இருத்து" என்று சொல்கிறார்களா?

படி 3: இரவில் விழித்திருப்பது யார்?

மற்றதெல்லாவற்றையும் அரை மணித்தியாலத்தில் பார்த்துவிடலாம். இந்தப் படிக்கு நேரம் எடுங்கள், ஏனென்றால் இங்கேதான் எனக்குச் சரியான பதில் கிடைக்கவே இல்லை.

"இரவில் ஆள் இருக்கிறதா?" என்று கேட்டால் "ஓம், இரண்டு பேர்" என்பார்கள். அது பொய்யாக இருக்காது. இரண்டு பேர் இருப்பார்கள், ஆனால் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: "விடிய ரெண்டு மணிக்கு ஒருவருக்கு வெளிக்குப் போக வேண்டும் என்றால், விழித்திருந்து கூட்டிப்போவது யார்? அவர் பெயர் என்ன? நேற்று யார்?"

பிறகு ரோஸ்டரைக் கேளுங்கள், யாருக்கு எப்போது வேலை என்று எழுதும் நிரல் அது. இந்த மாதத்தையும் போன மாதத்தையும். கணக்கு லேசானது. இரவு வேலை 12 மணித்தியாலம் என்றால், வாரத்துக்கு 84 மணித்தியாலம் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஒருவர் வாரத்துக்கு 48 மணித்தியாலம் வேலை செய்கிறார் என்று வைத்தால், ஒரே ஒரு இரவுக் கதிரையை நிரப்பவே கிட்டத்தட்ட இரண்டு பேர் தேவை. லீவு, காய்ச்சல், வீட்டு விசேசம் எல்லாம் சேர்த்தால் இரண்டு பேரும் காணாது. "இரவில் இரண்டு பேர் முழிப்பு" என்று சொல்லும் இல்லத்தில், இரவு நிரலில் குறைந்தது நான்கு வேறு வேறு பெயர்கள் இருக்க வேண்டும். மாதம் முழுக்க அதே இரண்டு பெயர் இருந்து, அவை பகல் நிரலிலும் இருந்தால், அவர்கள் இரவில் தூங்குகிறார்கள். மனித உடம்பு வேறு எதையும் அனுமதிக்காது.

எத்தனை முதியோருக்கு எத்தனை பேர் என்று ஒரு இலக்கத்தைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். லண்டனில் இருக்கிற மச்சான் இங்கிலாந்துப் பட்டியல் ஒன்றை அனுப்பியிருந்தார். அங்கே சி.கியூ.சி. என்ற அரச அமைப்பு பராமரிப்பு இல்லங்களைச் சோதித்துத் தரம் போட்டு எல்லாரும் பார்க்க வெளியிடுகிறது. அங்கேகூடச் சட்டத்தில் விகிதம் என்று ஒரு இலக்கம் கிடையாது. இருப்பவர்களின் தேவைக்குப் போதுமான, தகுதியான ஆட்கள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அந்தப் பட்டியலில் நான் எடுத்துக்கொண்டது அதை மட்டும்தான். மற்றவை நம் ஊருக்குப் பொருந்தவில்லை.

தேவையை இப்படி எண்ணுங்கள். தானாக நடப்பவர்கள் எத்தனை பேர், ஒரு கை பிடிக்க வேண்டியவர்கள் எத்தனை பேர், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியவர்கள் எத்தனை பேர்? கடைசி வகையில் ஒரே ஒருவர் இருந்தாலும், இரவில் ஒரு ஆள் போதாது. ஒற்றை ஆள் தூக்கப்போனால் அந்தப் பிள்ளையின் நாரியும் போகும், ஆச்சியும் விழுவா.

ஊழியர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்காதீர்கள். வன்னியில் இந்த வேலைக்கு வருபவர்களில் பலர் போரில் கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள். பின்னேரத்துக்குப் பிறகு உள்வீதிகளில் பஸ் இல்லை, யானை நடமாடும் பாதைகள் இருக்கின்றன, வீட்டில் பிள்ளைகள் தனியே. இரவு வேலைக்கு ஆள் கிடைக்காததற்கு இவைதான் காரணம். எனவே நிர்வாகத்திடம் இதையும் கேளுங்கள்: இரவு வருபவர்களைக் கூட்டிவர வாகனம் இருக்கிறதா, சம்பளம் மாதா மாதம் ஒழுங்காகப் போகிறதா, ஒரு வருசத்துக்கு மேல் நின்றவர்கள் எத்தனை பேர்? பராமரிப்பாளர் பயிற்சிக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. அது வைத்திருப்பவர் ஒருவராவது இருந்தால் நல்லது. ஆனால் சான்றிதழ் இருந்து ஆறு மாதத்தில் ஓடிப்போகிறவரை விட, ஐந்து வருசம் ஒரே இடத்தில் நிற்கிறவரைத்தான் நான் நம்புவேன்.

படி 4: மருந்து

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தருகிற சின்னக் கடதாசி உறைகளை ஒரே ரின்னுக்குள் போட்டு வைத்திருந்தால் கவனம். பிரஷர், சீனி, கொலஸ்ரரோல் குளிசைகள் பாதி வெள்ளை நிறம்தான். ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, அதன்மேல் பெயர், கூடவே மருந்து கொடுத்த நேரத்தையும் கொடுத்தவரின் கையொப்பத்தையும் எழுதும் தாள் இருக்க வேண்டும். அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். மாதம் முழுக்க ஒரே பேனையால், ஒரே மூச்சில் போட்ட கையொப்பமாக இருந்தால் அது உடனே தெரியும்.

இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால் பிரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. கரண்ட் போனால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள்.

நித்திரைக் குளிசை பற்றி நேராகவே கேளுங்கள். "இங்கே எத்தனை பேருக்கு இரவு நித்திரைக் குளிசை? யார் எழுதிக் கொடுத்தது?" ஆள் குறைவான இடத்தில் இதுதான் ஆளுக்குப் பதிலாக நிற்கும். வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் கொடுக்கிறார்கள் என்றால் அங்கேயே கொப்பியை மூடிவிட்டு வெளிக்கிடலாம்.

படி 5: தோலும் நிறையும்

படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கத்தான் தாதியர் வழமையாகச் சொல்லித் தருவார்கள். திருப்பிய நேரம் எழுதும் தாள் கட்டிலடியில் இருக்கிறதா? "இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது?" என்றும் கேளுங்கள். ஒருவருக்கும் இல்லை என்ற பதிலை விட, "ஒருவருக்கு இருக்கு, ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போதே இருந்தது, இப்படி மருந்து கட்டுகிறோம்" என்ற பதில் எனக்கு நம்பிக்கை தந்தது.

உங்கள் ஆளைச் சேர்த்த பிறகு குதிக்கால், பிட்டத்துக்கு மேல் எலும்பு, இடுப்புப் பக்கம் மூன்றையும் நீங்களே பாருங்கள். புத்தகங்களில் "சிவப்பாகும்" என்று எழுதியிருக்கும். நம் நிறத்தில் சிவப்புத் தெரியாது. கருமை கூடும், தொட்டால் சுடும், அல்லது தடித்துக் கிடக்கும். விரலால் அமர்த்திப் பாருங்கள்.

நிறையை மாதம் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ தானாகக் குறைந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். 50 கிலோ ஆளுக்கு அது மாதத்தில் இரண்டரைக் கிலோ. நிறைபார்க்கும் தராசே இல்லாத இல்லம் என்றால் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதை விட அது பயன்படும்.

படி 6: கட்டடம்

அளவுநாடா இங்கேதான். சக்கரக் கதிரைக்குச் சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். பல இடங்களில் நாலு அடியில் முடித்திருக்கிறார்கள். அதில் மேலேற்றவும் முடியாது, இறக்கும்போது ஆளோடு உருண்டுபோகும். மலசலகூடக் கதவு 32 அங்குலமாவது வேண்டும். கட்டிலில் இருந்து மலசலகூடம் வரை நடந்து பாருங்கள். வழியில் வெளிச்சமும் பிடிக்கக் கம்பியும் இருக்கிறதா, நடுவில் படி ஏதும் இருக்கிறதா? மலசலகூடம் வெளியே தனியாக இருந்தால் இரவு, மழை, பாம்பு மூன்றையும் யோசியுங்கள். குளிப்பது கிணற்றடியில் என்றால் பாசி பிடித்திருக்கிறதா என்று காலால் தேய்த்துப் பாருங்கள்.

கேற்றும் கதவும் இரவில் பூட்டப்படும், அது தேவைதான். ஆனால் திறப்பு யாரிடம், நெருப்புப் பிடித்தால் எத்தனை நிமிசத்தில் திறப்பார்கள்? தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்கிறதா? காஸ் சிலிண்டர் படுக்கிற மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா?

வெள்ளத்தையும் கேளுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல ஊர்கள் தண்ணீரில் நின்றன. நடக்க முடியாதவர்களை எந்த வாகனத்தில், எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது என்று முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் உள்ளூர் வீதியில் எத்தனை நிமிசத்தில் வருகிறது என்பதை அங்குள்ள ஊழியரிடமே கேளுங்கள். அவர்களுக்கு அனுபவம் இருக்கும்.

படி 7: காசும் காணியும்

சுருக்கமாகச் சொல்கிறேன். கொடுக்கிற ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். முதியோர் கொடுப்பனவு, அஸ்வெசும என்ற அரச உதவிப்பணம் போன்றவை வருகிற வங்கிப் புத்தகம் யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் வையுங்கள். நகைக்குப் பட்டியல் எழுதி நீங்களும் இல்லமும் கையொப்பம் போடுங்கள். காணி உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். சேர்க்கும்போது அதைக் கேட்கிற இடத்தில் சேர்க்கவே வேண்டாம்.

பின்னர் சேர்த்தது

புதுக்குடியிருப்பில் இருந்து எழுதிய ஒருவர், நான் விட்டுவிட்ட முக்கியமான ஒன்றைச் சொன்னார். அவருடைய அப்பாவின் உடம்பில் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. இல்லத்துக்கு அது தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் உடம்புக்குள் இருக்கும் உலோகம் ஆபத்து, முதலிலேயே சொல்லியாக வேண்டும். ஆகவே சேர்க்கும்போது கொடுக்கிற விபரத் தாளில் காயங்களையும் எழுதுங்கள். வெடிச்சத்தம், இடி, ஹெலி சத்தத்துக்குப் பயப்படுவார்களா, இரவில் கத்தி எழும்புவார்களா, அப்போது என்ன சொன்னால் அமைதியாவார்கள் என்பதையும் எழுதுங்கள். திருவிழா வெடிக்கு நடுங்குகிற ஒருவரைக் "குழப்படி" என்று சொல்லிக் குளிசை கொடுக்காமல் இருக்க அது உதவும்.

குறை கண்டால் எங்கே போவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள். அசையாவிட்டால் பிரதேச செயலகமும் மாகாண சமூக சேவைகள் திணைக்களமும். சாப்பாடு, தண்ணீர், மலசலகூடம் பற்றியது என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் விரைவாக வருவார். அடி, பட்டினி, பூட்டிவைத்தல் என்றால் காத்திருக்க வேண்டாம், நேரே பொலிஸ் 119. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் அலுவலகம் இருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: தகவல் அறியும் உரிமை இலங்கைப் பிரஜைக்குத்தான். பிரஜாவுரிமை மாறியவர்கள் ஊரில் இருக்கிற சகோதரத்தையோ சித்தியையோ கொண்டு கடிதம் கொடுங்கள். வட்ஸ்அப்பில் பேசும் நேரத்தையும் மாற்றுங்கள். உங்களுக்கு வசதியான நேரம் பெரும்பாலும் இங்கே பகல், எல்லாம் நன்றாக இருக்கிற நேரம். இங்கே இரவு எட்டு மணிக்கு எடுங்கள். கோடையில் அது லண்டனில் பின்னேரம் மூன்றரை, ரொறன்ரோவில் காலை பத்தரை. போனைக் கொடுத்துவிட்டு ஊழியர் அறைக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள், பிறகு அம்மாவிடம், இன்றைக்கு இரவு யார் நிற்கிறார்கள் என்று பெயரைக் கேளுங்கள்.