வெனிலா: வாங்குவதிலிருந்து வளர்ப்பது வரை செய்யக்கூடாத தவறுகள்

சென்னையில் கேக் செய்யாத வீட்டில்கூடச் சின்னதாக ஒரு வெனிலா எசென்ஸ் பாட்டில் இருக்கும். கஸ்டர்டுக்கு, மில்க் ஷேக்குக்கு, பிள்ளைகள் கேட்ட ஐஸ்கிரீமுக்கு என்று எப்போதோ வாங்கியது. அதற்குள் இருப்பது வெனிலாக் காயிலிருந்து வந்தது என்று நம்புவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

வெனிலா என்பது மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். குங்குமப்பூவுக்கு அடுத்தபடியாக விலை உயர்ந்த மசாலாப் பொருள். அதன் மணத்துக்கு முக்கியக் காரணம் வெனிலின் என்ற வேதிப்பொருள். 1874-ல் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் என்ற இருவர் ஊசியிலை மரங்களில் இருக்கும் ஒரு பொருளிலிருந்து அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார்கள். இன்று உலகில் பயன்படும் வெனிலினில் பெரும்பகுதி பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து வருகிறது. எசென்ஸ் பாட்டிலில் இருப்பது அதுதான். காயில் வெனிலினோடு இன்னும் நூற்றுக்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் சேர்ந்திருக்கின்றன, எசென்ஸில் அவை கிடையாது.

இதற்காக எசென்ஸை ஒதுக்க வேண்டியதில்லை. 180 டிகிரி அவனில் வேகும் கேக்குக்கும் பிஸ்கெட்டுக்கும் நல்ல எசென்ஸ் தாராளமாகப் போதும். அங்கே விலை உயர்ந்த காயைப் போட்டால் அதன் நுட்பமான மணம் சூட்டிலேயே போய்விடும், காசும் போகும். காய்க்குச் செலவு செய்ய வேண்டிய இடம் பால் சார்ந்த பண்டங்கள்: ஐஸ்கிரீம், கஸ்டர்ட், புட்டிங், பாயசம்.

கடையில் லேபிளைப் படியுங்கள். 'செயற்கை நறுமணப் பொருள்' என்ற வரி இருந்தால் அது எசென்ஸ், முன்பக்கத்தில் எத்தனை அழகான பூவை அச்சடித்திருந்தாலும் சரி. அசல் எக்ஸ்ட்ராக்ட் என்பது காயை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுப்பது. அமெரிக்க விதிப்படி அதில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும், லிட்டருக்கு சுமார் 100 கிராம் காய் சேர்ந்திருக்க வேண்டும். காயின் விலையைப் பார்த்தால், ஐம்பது அறுபது ரூபாய் பாட்டிலில் அதை யாராலும் தர முடியாது என்பது புரியும். நைவேத்தியத்துக்குச் செய்கிறீர்கள், ஆல்கஹால் வேண்டாம் என்றால் காயையோ, காய் போட்டு வைத்த சர்க்கரையையோ பயன்படுத்துங்கள். அப்புறம், ஐஸ்கிரீமில் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். சாறு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையை அரைத்துச் சேர்த்தாலும் அதே புள்ளிகள் வரும்.

பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளிலோ இணையத்திலோ காய் வாங்கும்போது நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். பார்க்க வேண்டியது மென்மை. நல்ல காய் கரும்பழுப்பாக, லேசான எண்ணெய் மினுமினுப்போடு இருக்கும். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளையும். குச்சி மாதிரி ஒடிகிற காய் காய்ந்துபோனது. மேலே மின்னும் வெள்ளை ஊசிகள் தெரிந்தால் பூஞ்சை என்று எறிந்துவிட வேண்டாம், அது வெளியே வந்து படிகமான வெனிலின்தான். பூஞ்சை மங்கலாக, பஞ்சு பூத்தாற்போல் இருக்கும், முக்கல் வாசனை வரும். அதைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள்.

சமையலில் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்தான்: காயைக் கீறி விதையை மட்டும் வழித்துக்கொண்டு தோலைக் குப்பையில் போடுவது. மணத்தில் பெரும்பங்கு தோலிலும் விதையைச் சுற்றியுள்ள பிசுபிசுப்பிலும்தான் இருக்கிறது. அந்தக் கறுப்பு விதைகள் கண்ணுக்கு அழகு, அவ்வளவே. காயை நீளவாக்கில் பிளந்து, கத்தியின் முதுகால் வழித்து, விதை, தோல் இரண்டையும் பாலில் போடுங்கள். முக்கால் லிட்டர் பாலுக்கு ஒரு காய் போதும். பால் கொதி வரும் முன் அடுப்பை அணைத்து, மூடி அரை மணி நேரம் விடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய் வீடு முழுக்க மணக்கும், பாலில் தங்காது. ஒரு மணி நேரம் வற்றக் காய்ச்சும் பால் பாயசத்தில் இறக்கும்போதுதான் வெனிலா சேர்க்க வேண்டும்.

வெனிலின் தண்ணீரில் குறைவாகத்தான் கரையும். கொழுப்பிலும் ஆல்கஹாலிலும் நன்றாகக் கரையும். ஆடை நீக்கிய பாலில் காய் போட்டுவிட்டு 'மணமே இல்லையே' என்று வருந்துவதற்குக் காரணம் இதுதான். குளிர்ச்சியும் மணத்தை அடக்கும். அதனால் ஐஸ்கிரீம் கலவையைச் சுவைக்கும்போது மணம் ஒரு படி தூக்கலாக இருக்கட்டும், ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் உறையவையுங்கள்.

ஏலக்காய், பச்சைக் கற்பூரம், ஜாதிக்காய் இருக்கும் பண்டத்தில் வெனிலாவைச் சேர்ப்பது வீண். சர்க்கரைப் பொங்கலில் அது தாக்குப்பிடிக்காது. எனக்குப் பிடித்த இடம் நுங்கும் இளநீர்ப் பாயசமும். நுங்கின் மெல்லிய சுவையை வெனிலா அமுக்காது, தேங்காய்ப்பாலின் கொழுப்பு அதை நன்றாகத் தாங்கிக்கொள்ளும். ஏலக்காயை மட்டும் அன்று விட்டுவிடுங்கள். எசென்ஸ் போடுகிறவர்களுக்கு ஒன்று: கடையில் கிடைக்கும் கஸ்டர்ட் பவுடர் பலவற்றில் ஏற்கெனவே வெனிலா மணம் சேர்த்திருக்கும். மேலே ஒரு ஸ்பூன் ஊற்றினால் கசக்கும்.

பாலில் ஊறிய தோலைக் கழுவி, நன்றாக உலர்த்திச் சர்க்கரை டப்பாவில் புதைத்து வைத்தால் சில வாரங்களில் சர்க்கரை மணக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அரைகுறையாகக் காய்ந்த தோலைப் போட்டால் சர்க்கரை கட்டி தட்டும், பூஞ்சையும் வரும். முழுக் காயை ஃபிரிட்ஜில் வைப்பதும் தவறு. அங்கே காய் வறண்டுவிடும். வெளியே எடுக்கும்போது இந்த ஊர்ப் புழுக்கத்தில் மேலே நீர் கோத்துப் பூஞ்சைக்கு வழி விடும். இறுக மூடும் கண்ணாடிக் குப்பியில், வெளிச்சம் படாத அலமாரியில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். வீட்டில் எக்ஸ்ட்ராக்ட் போடுபவர்கள் காய் வோட்காவுக்குள் முழுக்க மூழ்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டே வாரத்தில் திறந்துவிட்டு நிறம் வந்ததே என்று திருப்தி அடைய வேண்டாம். நிறம் முதலில் வரும், மணம் மாதக்கணக்கில்தான் வரும். அதற்கு ஆறு மாதமாவது கொடுங்கள்.

மொட்டை மாடியில் வெனிலா வளர்க்கும் ஆசை இப்போது பலருக்கு இருக்கிறது. கொடி வளரும். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் நேராக வைத்தால் இலை வெந்துவிடும். பாதி வெளிச்சம் வரும் நிழல்வலை கட்டாயம். தோட்டத்துக் களிமண்ணை அடைத்த தொட்டி இன்னொரு ஆபத்து: வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கினால் வேரழுகல் நோய் ஒரே மூச்சில் கொடியை முடித்துவிடும். தேங்காய் நார்க்கழிவும் மக்கிய இலையும் போதும். விலை குறைவு என்று இரண்டு கணு உள்ள துண்டை வாங்கினால் பூக்கக் கூடுதலாகச் சில ஆண்டுகள் ஆகும். சுமார் ஒரு மீட்டர் நீளத் துண்டு நட்டாலே பூக்க மூன்று ஆண்டு பிடிக்கும்.

பூத்தால் தானாகக் காய்க்கும் என்று காத்திருக்கக் கூடாது. பூ விடியலில் விரியும், மதியத்துக்குள் வாடத் தொடங்கும், ஆயுள் அந்த ஒரு நாள்தான். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு சவ்வு இருக்கிறது; பல்குத்தும் குச்சியால் அதைத் தூக்கி, இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இந்த எளிய முறையை 1841-ல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மண்ட் அல்பியஸ். அடிமையாகப் பிறந்த அவருக்கு அப்போது 12 வயது. உலகிலேயே வெனிலா அதிகம் விளையும் மடகாஸ்கரின் தோட்டங்களில் இன்றும் ஒவ்வொரு பூவுக்கும் இப்படித்தான் கை வைக்கிறார்கள். அந்தச் சிறுவனின் பெயரை வெனிலா பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆர்வத்தில் எல்லாப் பூவிலும் மகரந்தம் சேர்த்துவிடாதீர்கள். ஒரு கொத்துக்கு எட்டு, பத்துப் பூ போதும், மிஞ்சினால் கொடி சோர்ந்துவிடும்.

காய் முதிர ஒன்பது மாதம்போல் ஆகும். நுனி மஞ்சளாகும் முன் பறித்தால் மணம் குறையும். பச்சைக் காய்க்கு வாசனையே கிடையாது என்பதையும் பலர் அறிவதில்லை. பதப்படுத்தும்போது காயிலிருக்கும் நொதிகள் வேலை செய்துதான் வெனிலினை விடுவிக்கின்றன. அதனால் கொதிக்கும் நீரில் காயைப் போட்டால் நொதியும் செத்துவிடும். 63 முதல் 65 டிகிரி நீரில் மூன்று நிமிடம் போதும். பிறகு கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, வெயிலிலும் நிழலிலுமாக வாரக்கணக்கில் உலர்த்தி, பெட்டியில் சில மாதம் வைக்க வேண்டும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகும்.

பொள்ளாச்சிப் பக்கமோ நீலகிரி அடிவாரத்திலோ நிலம் வைத்திருக்கும் சென்னைவாசிகள், விலையைக் கேட்டுவிட்டு வெனிலாவில் இறங்க நினைப்பதுண்டு. 2000-ல் மடகாஸ்கரை ஹுடா புயல் தாக்கிய பின் விலை ஏறியது. 2003 வாக்கில் கேரளத்திலும் கர்நாடகத்திலும் தோப்பு தோப்பாகக் கொடி நட்டார்கள். அந்தக் கொடிகள் பலன் தரும் நேரத்தில் விலை சரிந்து, கூலிக்கே கட்டாமல் பலர் அதைப் பிடுங்கினார்கள். 2017-ல் எனாவோ புயலுக்குப் பின்னும் விலை உச்சம் தொட்டு இறங்கியது. இன்றைய விலைக்கும், மூன்று நான்கு ஆண்டு கழித்து உங்கள் முதல் காய் சந்தைக்கு வரும் நாளின் விலைக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால் கொடி வாங்குவதற்கு முன்னால் காயைப் பதப்படுத்துவது யார், வாங்குவது யார் என்று பேசி முடியுங்கள். தென்னை, பாக்குத் தோப்பில் ஊடுபயிராக ஒரு பகுதியில் மட்டும் போடுங்கள். பறித்த காயைச் சில நாளுக்குள் பதப்படுத்தத் தொடங்கியாக வேண்டும். நல்ல விலை வரும்வரை பச்சையாகவே வைத்திருக்க வழியில்லை.