பென் டிரைவிலிருந்து லினக்ஸ்: லைவ் யுஎஸ்பி செய்வது எப்படி?

விண்டோஸ் திடீரென்று எழுந்திருக்க மறுக்கிறது. உள்ளே இருக்கும் படங்களையும் கோப்புகளையும் மட்டும் எடுத்தால் போதும் என்று இருக்கிறது. அல்லது, விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் கைவைக்கப் பயம். இரண்டுக்கும் லைவ் யுஎஸ்பி உதவும். இயங்குதளம் பென் டிரைவிலிருந்தே ரேமில் ஏறி ஓடும். நீங்களாகப் போய்த் தொட்டால் ஒழிய ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது. 2000-இல் வந்த நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் இந்த வேலையை ஒரே சிடியில் செய்து காட்டியது. இப்போது சிடி போய், அந்த இடத்துக்குப் பென் டிரைவ் வந்துவிட்டது.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. நான் லினக்ஸ் மின்ட்டை வைத்துச் சொல்கிறேன். விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு அதன் முகம் பழகியதுபோல இருக்கும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும். அதில் உள்ளதெல்லாம் அழியும், அதனால் முதலில் வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள்.

படி 1: ஐஎஸ்ஓ கோப்பு

மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்துக்குப் போய் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது முழு இயங்குதளத்தையும் கட்டிவைத்த ஒற்றைக் கோப்பை, இறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜிபி வரும். சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பதிப்புகள் இருக்கும். ரேம் 4 ஜிபியோ அதற்கும் குறைவோ என்றால் எக்ஸ்எஃப்சிஇ, இல்லாவிட்டால் சினமன். இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

படி 2: கோப்பு முழுசாக வந்ததா?

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். நானும் தாண்டினேன். பாதியில் நின்று நின்று இறங்கிய கோப்பை அப்படியே எழுதிவிட்டு, கறுப்புத் திரையைப் பார்த்தபடி பென் டிரைவைத் திட்டி, வேறு பென் டிரைவில் எழுதி, கடைசியில் லேப்டாப்பையே சந்தேகப்பட்டேன். ஒரு நாள் போச்சு.

இறக்கிய தளத்திலேயே எஸ்ஹெச்ஏ256 என்று 64 எழுத்துகள் கொண்ட ஒரு நீளமான வரிசை கிடைக்கும். உங்கள் கோப்புக்கும் அதே வரிசை வரவேண்டும். ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் வரிசை முழுக்க வேறாகிவிடும். அதைக் கணக்கிடத் தனி மென்பொருள் தேட வேண்டியதில்லை. அடுத்த படியில் வரும் ரூஃபஸ் என்ற கருவியிலேயே, கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு டிக் குறி இருக்கிறது. அதை அழுத்தினால் காட்டிவிடும்.

படி 3: எழுதுவது

ஐஎஸ்ஓவை இழுத்துப் பென் டிரைவில் போட்டால் வேலை செய்யாது. கணினி எழும்போது தேடுவது பூட் லோடரை, அதாவது இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலை. அது ஐஎஸ்ஓ கோப்புக்குள் கட்டிய மூட்டையாகக் கிடக்கிறது. மூட்டையைப் பிரித்து உரிய இடத்தில் வைக்க ஒரு கருவி வேண்டும். விண்டோஸுக்கு ரூஃபஸ் போதும். நிறுவத் தேவையில்லாத பதிப்பும் உண்டு. லினக்ஸிலோ மேக்கிலோ இருப்பவர்கள் பலேனா எட்சரை எடுத்துக்கொள்ளலாம்.

ரூஃபஸைத் திறந்ததும் மேலே உள்ள முதல் பெட்டியில் எந்த டிரைவ் என்று நிதானமாகப் பாருங்கள். ஒரு முறை என் லேப்டாப்பில் ஒரே அளவுள்ள இரண்டு பென் டிரைவ்கள் செருகியிருந்தன. அவசரத்தில் தவறானதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பயணத்தின் படங்கள் மொத்தமும் போயின. அன்றிலிருந்து எழுதப்போகும் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றிவிடுகிறேன்.

பிறகு ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுங்கள். பகுப்பு முறை, அதாவது டிரைவைப் பிரித்துவைக்கும் விதம், ஜிபிடி என்று வையுங்கள். யுஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் புதிய வகை நிரல்) இல்லாத பழைய கணினி என்றால் மட்டும் பழைய முறையான எம்பிஆர். மற்றதையெல்லாம் இருந்தபடி விட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஐஎஸ்ஓ முறையா, கோப்பை அச்சு அசலாக எழுதும் டிடி முறையா என்று கேட்டால் அதுவே பரிந்துரைக்கும் ஐஎஸ்ஓ முறை சரி. சில நிமிடங்களில் முடியும்.

டிடி முறையிலோ எட்சரிலோ எழுதியிருந்தால், முடிந்ததும் விண்டோஸ் ‘இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவேண்டும்’ என்று பதறலாம். நீங்கள் பதற வேண்டாம். பென் டிரைவில் உள்ளதை விண்டோஸால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ரத்து செய்துவிடுங்கள். சரி என்று அழுத்தினால் செய்த வேலை போய்விடும்.

டிவிடிதான் வேண்டும் என்பவர்களுக்கு: விண்டோஸில் ஐஎஸ்ஓவின் மேல் வலது கிளிக் செய்தாலே டிவிடியில் எழுதும் வசதி வரும். 4.7 ஜிபி டிவிடியில் மின்ட் அடங்கும். ஆனால் வேகம் ஆமைதான்.

படி 4: பென் டிரைவிலிருந்து எழுப்புவது

கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, பவர் பொத்தானை அழுத்தியதும், எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையை விடாமல் தட்டுங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். தட்டத் தட்ட விண்டோஸே வந்து நிற்கிறதா? விண்டோஸுக்குள்ளேயே ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட்டைக் கிளிக் செய்யுங்கள். வரும் நீலத் திரையில், சாதனத்திலிருந்து தொடங்கும் தேர்வுக்குள் பென் டிரைவின் பெயர் இருக்கும்.

செக்யூர் பூட் (நம்பகமான பூட் லோடரை மட்டும் விடும் பாதுகாப்பு) தடுக்கிறது என்று செய்தி வந்தால், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அதை அணைக்கலாம். ஆனால் அதற்கு முன், டிரைவையே பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு உட்கார்ந்துவிடலாம். சாவி கையில் இல்லாமல் பயாஸில் எதையும் மாற்றாதீர்கள்.

எம் வரிசைச் சிப் உள்ள மேக்கில் இந்த ஐஎஸ்ஓ ஓடாது.

படி 5: உள்ளே போனதும்

மெனுவில் முதல் வரியைத் தேர்ந்தெடுத்தால் டெஸ்க்டாப் வந்துவிடும், கடவுச்சொல் கேட்காது. அங்கே நிறுவுவதற்கான ஐகான் ஒன்று இருக்கும். சும்மா பார்க்க வந்தவர்கள் அதைத் தொட வேண்டாம். வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று முதலில் சோதியுங்கள். அணைத்தால் நீங்கள் செய்த மாற்றங்கள், வைஃபை கடவுச்சொல் உட்பட, எல்லாம் மறைந்துவிடும்.

கோப்புகளை மீட்க வந்தவர்கள் கோப்பு மேலாளரில் விண்டோஸ் டிரைவைத் திறந்து, இன்னொரு பென் டிரைவுக்கு நகலெடுக்கலாம். பிட்லாக்கர் இருந்தால் இங்கேயும் அந்தச் சாவி வேண்டும். டிரைவ் திறந்தாலும் எழுத விடவில்லை என்றால், விண்டோஸ் முழுசாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வெளியே நகலெடுக்க அது தடையில்லை.

இது பழகியபின் வென்டாய் என்ற கருவியைப் பாருங்கள். அதைப் பென் டிரைவில் ஒரு முறை போட்டுவிட்டால், ஐஎஸ்ஓக்களை அப்படியே இழுத்துப் போட்டே பூட் செய்யலாம்.

பென் டிரைவைப் பழையபடி வெறும் பென் டிரைவாக்க, ரூஃபஸில் ஐஎஸ்ஓவுக்குப் பதில் பூட் வேண்டாம் என்ற தேர்வை வைத்து மறுபடி ஃபார்மட் செய்தால் முழு அளவும் திரும்பக் கிடைக்கும்.